கரிக்குள்ளே ஒரு முகம்: பெர்ட் வில்லியம்ஸின் படச்சுருள்கள்

ஒரு கறுப்பு மனிதன் முகத்தில் கரி பூசிக்கொள்கிறான். இருக்கிற கறுப்பு போதாது என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. தக்கையைச் சுட்டுப் பொடியாக்கி, குழைத்து, நெற்றியிலிருந்து கழுத்துவரை அப்பிக்கொள்கிறான். உதட்டைச் சுற்றி வெளிறிய சாயம் தீட்டி வாயைப் பெரிதாக்குகிறான். தலைக்குப் பொய்முடி, கைக்கு உறை. கண்ணாடியில் பார்த்தால் அங்கே அவன் இல்லை. வெள்ளைக்காரன் மனசுக்குள்ளே வைத்திருக்கிற கறுப்பன் நிற்கிறான்.

பெர்ட் வில்லியம்ஸை நான் முதலில் பார்த்தது இந்த வேஷத்தில்தான். பார்த்ததும் சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கூசியது. நிறத்தைச் சொல்லிக் கேலி செய்கிற காட்சிக்குக் கொட்டகையில் நானும் வாய்விட்டுச் சிரித்தவன்தான். என் நிறமும் அதுதான் என்பது அந்த நேரத்தில் மறந்துபோகும். அப்படி மறக்க வைப்பது எது? அந்தக் கேள்வியோடுதான் இந்தக் கலைஞனின் மிஞ்சியிருக்கிற படங்களைத் தேடிப் பார்த்தேன். மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். 1916-இல் வந்த இரண்டு குறும்படங்கள். 1913-இல் எடுத்து, முடிக்காமல் கைவிட்ட ஒரு படத்தின் ஏழு சுருள்கள். நாடக மேடையில் இருபது ஆண்டு பெயரெடுத்த பிறகு, வாழ்க்கையின் பின்பகுதியில் அவர் காமிராவுக்கு முன்னால் நின்றதற்கு நம்மிடம் இருக்கிற சாட்சி இவ்வளவே.

முதலில் கரியின் கதையைச் சொல்லிவிட வேண்டும். 1830-களில் தாமஸ் ரைஸ் என்கிற வெள்ளைக்கார நடிகர் முகத்தில் கரி பூசி, கந்தல் உடுத்தி, நொண்டி நொண்டி ஆடிக் காட்டினார். அந்த வேஷத்தின் பெயர் ஜிம் குரோ. கூட்டம் அலைமோதியது. அதற்கப்புறம் கரி பூசிய வெள்ளைக்காரர்களின் கூட்டங்கள் ஊர் ஊராகக் கிளம்பின. சோம்பேறிக் கறுப்பன், கோழி திருடும் கறுப்பன், தர்பூசணியைக் கண்டால் வாய் பிளக்கும் கறுப்பன் என்று அடிமை வாழ்க்கையையே அரை நூற்றாண்டுக்கு மேல் வேடிக்கையாக விற்றார்கள். கறுப்பரை ரயிலிலும் பள்ளியிலும் விடுதியிலும் ஒதுக்கி வைத்த சட்டங்களுக்குப் பின்னாளில் ஜிம் குரோ சட்டங்கள் என்றே பெயர் வந்தது. ஒரு கேலிப் பாத்திரத்தின் பெயர் சட்டத்தின் பெயராக ஆகிறது என்றால், அந்தச் சிரிப்பு எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் வருவதற்கு முந்தியே சிரிப்பு வந்து இடத்தைப் பெருக்கித் தயாராக வைத்திருந்தது.

வில்லியம்ஸ் 1874-இல் பஹாமாஸ் தீவுகளில் நசாவில் பிறந்தவர். சின்ன வயசிலேயே குடும்பம் அமெரிக்காவுக்கு வந்துவிட்டது. ஆள் உயரம். நிறம் வெளிர்ந்த மாநிறம். புத்தகம் படிக்கிறவர், நிதானமாகப் பேசுகிறவர். மேடையில் வருகிற அந்தத் தத்தளிக்கும், இழுத்து இழுத்துப் பேசும் கறுப்பனுக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. அந்தப் பேச்சை அவர் வேற்று மொழியைக் கற்பதுபோலக் கற்றுக்கொண்டார்.

1893-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் வாக்கர் என்கிற கறுப்பு இளைஞரைச் சந்திக்கிறார். இரண்டு பேரும் ஜோடி சேர்ந்தார்கள். பிழைப்புக்கு வழி? மேடையில் கறுப்பராக நடித்துக் காசு பார்க்கிறவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள். 'கூன்' என்பது கறுப்பரை இழிவுசெய்கிற வசைச்சொல். அதையே அவர்கள் பட்டம்போலப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். வில்லியம்ஸும் வாக்கரும் என்ன செய்தார்கள் தெரியுமா? 'இரண்டு அசல் கூன்கள்' என்று தங்களை விளம்பரம் செய்தார்கள். போலி ஆடும்போது அசல் ஏன் பட்டினி கிடக்கணும் என்கிற கணக்கு. கசப்பான கணக்குதான். ஆனால் நம்மைக் காட்டிக் காசு பண்ணுகிறவர்களிடம் 'அது நாங்கள் இல்லை' என்று சொல்கிற துணிச்சலும் அதில் இருந்தது. இந்த ஜோடி நியூயார்க்குக்கு வந்த 1896-ஆம் வருஷம்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தனித்தனியாக, ஆனால் சமமாக வைக்கலாம் என்றது தீர்ப்பு. தனித்தனி மட்டும் நடந்தது. சமம் நடக்கவில்லை.

வாக்கர் கரி பூசவில்லை. மினுக்கும் உடையில் வந்தார். கரி பூசியவர் வில்லியம்ஸ். வாக்கர் 1906-இல் ஒரு நாடக இதழில் இதைப் பற்றி எழுதினார். வெள்ளை நடிகர்கள் செய்த போலிக் கறுப்பனைப் பார்த்துக் கறுப்பு நடிகர்களும் நகல் எடுத்தார்கள். தன்னையே நடித்துக் காட்டுவதற்காக ஒரு கறுப்பன் தன்னைக் கேலிப்பொருளாக்கிக்கொள்வதைவிட அபத்தம் வேறில்லை என்பது அவர் வாதம். பக்கத்தில் நின்ற தோழனைப் பற்றியும் சேர்த்துத்தான் இதை அவர் எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். வில்லியம்ஸ் 1918-இல் எழுதியது வேறு மாதிரி. கரி பூசிய பிறகுதான் தன்னை இன்னொரு ஆளாகப் பார்க்க முடிந்தது, அப்போதுதான் தனக்கு நகைச்சுவையே பிடிபட்டது என்கிறார். அதே கட்டுரையில் இன்னொன்றும் சொல்கிறார்: கறுப்பனாக இருப்பதில் அவமானம் எதுவும் இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை, ஆனால் அமெரிக்காவில் அது பல சமயம் அசௌகரியமாக இருக்கிறது. இதைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. இந்தத் தடவை கூச்சம் வரவில்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது இங்கே மாறிவிடுகிறது.

1903-இல் இந்த ஜோடியின் 'இன் தஹோமி' நாடகம் பிராட்வேயில் அரங்கேறியது. கறுப்பர்களே எழுதி, இசையமைத்து, நடித்த முழுநீள இசை நாடகம் பிராட்வேயின் பெரிய அரங்கொன்றில் ஏறியது அதுதான் முதல் தடவை. அதே வருஷம் லண்டனுக்குப் போய் பக்கிங்ஹாம் அரண்மனையிலும் ஆடினார்கள். டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் 'கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்' நூலை வெளியிட்டதும் 1903-இல்தான். தன்னை எப்போதும் அடுத்தவன் கண் வழியாகவே பார்த்து, அடுத்தவன் கோலால் அளந்துகொள்கிற இரட்டை உணர்வு என்று அவர் அதில் ஒன்றைச் சொன்னார். டு போய்ஸ் அதைக் காயமாகப் பார்த்தார். வில்லியம்ஸ் அந்தக் காயத்தையே கருவியாக்கினார். இரண்டும் ஒரே வீட்டில் நடந்தவை.

வாக்கர் நோயில் விழுந்து 1911 தொடக்கத்தில் இறந்தார். வில்லியம்ஸ் தனியாளாக 1910-இலேயே சீக்ஃபெல்டின் 'ஃபாலீஸ்' குழுவில் சேர்ந்துவிட்டார். அழகிகளும் ஆடம்பரமுமான வெள்ளை மேடை அது. ஒரு கறுப்பனோடு சமமாக மேடை ஏற மாட்டோம் என்று குழுவில் சிலர் மிரட்டினார்கள். முதலாளி மசியவில்லை, ஏனென்றால் கூட்டம் வில்லியம்ஸுக்காக வந்தது. புக்கர் டி. வாஷிங்டன் அந்த வருஷம், வில்லியம்ஸ் நம் இனத்துக்கு என்னைவிட அதிகம் செய்துவிட்டார், அவர் சிரித்தபடியே மக்கள் மனசுக்குள் போய்விட்டார், நான் சண்டை போட்டு நுழைய வேண்டியிருந்தது என்ற பொருளில் எழுதினார்.

எனக்கு இதில் சம்மதமில்லை. சிரித்தபடி உள்ளே போனவரை எந்த வழியாக உள்ளே விட்டார்கள்? சக நடிகர் எடி கேண்டர் சொல்லியிருக்கிறார்: விடுதிகளில் வில்லியம்ஸை வேலைக்காரர்களுக்கான பின்பக்க மின்தூக்கியில் ஏறச் சொல்வார்கள். கைதட்டல் இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருக்காவிட்டால் இது இவ்வளவு கஷ்டமாக இருக்காது என்று அவர் சொன்னாராம். மனசுக்குள் போகலாம், வாசல் வழியாகப் போகக்கூடாது. வேடிக்கைக்கு மட்டும் ஒருவனைச் சேர்த்துக்கொள்கிற சமூகத்தின் விதி அது.

இனி அந்த ஏழு சுருள்களுக்கு வருகிறேன்.

1913 இலையுதிர் காலத்தில் பயோகிராஃப் நிறுவனம், கிளா அண்ட் எர்லாங்கர் நாடக முதலாளிகளோடு சேர்ந்து வில்லியம்ஸை வைத்து ஒரு படம் எடுத்தது. நியூயார்க்கிலும் பக்கத்தில் நியூ ஜெர்சியிலும் படப்பிடிப்பு. நடித்தவர்கள் கறுப்பர்கள், ஹார்லெமின் தேர்ந்த மேடைக் கலைஞர்கள். கதாநாயகி ஒடெஸ்ஸா வாரன் கிரே. பழைய தலைமுறை நடிகர் சாம் லூக்காஸ். அடுத்த வருஷம் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' படத்தில் அங்கிள் டாமாக நடித்து, அந்த வேஷத்தைத் திரையில் ஏற்ற முதல் கறுப்பர் ஆனவர். பாடகி அபி மிட்செல். பின்னால் 1935-இல் 'போர்கி அண்ட் பெஸ்' மேடையேறியபோது அதில் பாடியவர். இயக்கியவர்களில் இருவர் வெள்ளையர்: எட்வின் மிடில்டன், டி. ஹேய்ஸ் ஹன்டர். அவர்களோடு கறுப்பரான சாம் கார்க்கர் ஜூனியரும் இருந்தார்.

படத்தை இப்போது 'லைம் கில்ன் கிளப் ஃபீல்டு டே' என்று சொல்கிறார்கள். சுண்ணாம்புக் காளவாய்ச் சங்கத்தின் விளையாட்டு நாள் என்று நம் பேச்சில் சொல்லலாம். கதை எளிசானது. ஊரில் அழகான பெண் ஒருத்தி, அவளைச் சுற்றி மூன்று பேர். அதில் ஒருவர் வில்லியம்ஸ். சங்கத்தார் உடுத்திக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள், போட்டி நடக்கிறது, கேக்வாக் நடனம் நடக்கிறது. கேக்வாக் எங்கிருந்து வந்தது? அடிமைகள் தோட்டத்துச் சீமான்களின் மிடுக்கு நடையைக் கேலி செய்து ஆடியதிலிருந்து வந்தது. தங்களைக் கேலி செய்கிறார்கள் என்று தெரியாமலே சீமான்கள் அதற்குப் பரிசு கொடுத்தார்கள்.

படத்தில் கரி பூசியிருப்பது வில்லியம்ஸ் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் சொந்த முகத்தோடு நிற்கிறார்கள். இது நாடக வழக்கம். நட்சத்திரம் ஒருவர் கரி பூசிவிட்டால் வெள்ளைப் பார்வையாளருக்கு நிம்மதி. மற்றவர்கள் மனிதர்களாகவே நடிக்கலாம். ஒருவர் முகத்தைக் கொடுத்து மற்றவர்களின் முகத்தை மீட்டதுபோல எனக்கு அது படுகிறது. அவர் அப்படி நினைத்துச் செய்தாரா என்பது வேறு விஷயம். திரையில் நடந்திருப்பது அதுதான்.

ஒரு காட்சியில் குடைராட்டினம் சுற்றுகிறது. வில்லியம்ஸும் அந்தப் பெண்ணும் ஏறிச் சுற்றுகிறார்கள். சந்தோஷம் தவிர அங்கே வேறு எதுவும் நடக்கவில்லை. விழுவதில்லை, அடிபடுவதில்லை, எதையும் திருடுவதில்லை. கடைசியில் வாசல் கேட்டருகே இருவரும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். அந்த முத்தத்தில் கேலியில்லை. 1898-இல் எடுத்த ஒரு சிறு துண்டுப் படத்தில் கறுப்பு ஜோடி ஒன்று முத்தமிட்டுச் சிரிக்கிறது. அது 2017-இல் கண்டெடுக்கப்பட்டது. ஆக இதுதான் முதல் முத்தம் என்று பெருமை பேச வேண்டியதில்லை. ஆனால் கறுப்பு மனிதர்களைக் காதலிக்கத் தெரிந்தவர்களாகக் காட்டும் படம் அந்தக் காலத்தில் எவ்வளவு அபூர்வம் என்பதை இந்த இரண்டு துண்டுகளும் சேர்ந்து சொல்கின்றன.

படம் முடிக்கப்படவில்லை. வெட்டி ஒட்டவில்லை, எழுத்து அட்டை போடவில்லை, திரையிடவில்லை. பயோகிராஃபில் வளர்ந்த டி. டபிள்யூ. கிரிஃபித் அந்த 1913-இல்தான் அந்த நிறுவனத்தை விட்டுப் போனார். 1915-இல் 'ஒரு தேசத்தின் பிறப்பு' படத்தோடு வந்தார். அதில் முக்கியமான கறுப்புப் பாத்திரங்களில் நடித்தவர்கள் கரி பூசிய வெள்ளைக்காரர்கள். கறுப்பன் என்றால் வெள்ளைப் பெண்ணைத் துரத்தும் மிருகம், அவனை அடக்க வருகிற கூ கிளக்ஸ் கிளான் மாவீரர் படை. வெள்ளை மாளிகையிலேயே படம் ஓடியது. 1909-இல் தொடங்கிய கறுப்பர் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. ஊர் ஊராக எதிர்த்துப் போராடியது. அந்த வருஷக் கடைசியில் கிளான் திரும்ப உயிர்பெற்றது. ஒரு சுருள் பெட்டிக்குள் போகிறது, இன்னொரு சுருள் நாடெங்கும் ஓடுகிறது. சினிமா வரலாற்றுப் புத்தகங்கள் ரொம்ப நாள் இரண்டாவதை மட்டுமே பாடமாக வைத்திருந்தன.

1916-இல் பயோகிராஃப் திரும்ப வில்லியம்ஸை அழைத்தது. 'எ நேச்சுரல் பார்ன் கேம்ப்ளர்' வந்தது. கிரிஃபித்தின் ஒளிப்பதிவாளர் பில்லி பிட்சருக்கு இதன் ஆக்கத்தில் பங்குண்டு. 'ஒரு தேசத்தின் பிறப்பு' படத்துக்குக் காமிரா சுழற்றிய அதே கை. கதை பழைய கேலிக் கதைதான்: சூதாடுகிற கறுப்பர்கள், போலீஸ் வருகிறது, வில்லியம்ஸ் சிறைக்குப் போகிறார். ஆனால் கடைசிச் சில நிமிஷங்களைப் பாருங்கள். சிறைக் கொட்டடியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். கையில் சீட்டில்லை, எதிரில் ஆளில்லை. சீட்டைக் குலுக்குகிறார், பிரித்துப் போடுகிறார், ஒவ்வொருத்தன் முகத்தையும் ஓரக்கண்ணால் நோட்டம் விடுகிறார், தன் சீட்டைப் பார்த்துச் சந்தோஷத்தை மறைக்கிறார், பந்தயத்தை ஏற்றுகிறார். கடைசியில் தோற்கிறார். மேடையில் பெயர் வாங்கிய அவருடைய ஊமைக்கூத்து இது. கம்பிக்குப் பின்னால் வைத்ததும் அது வேறு ஒன்றாகிவிடுகிறது. கற்பனையில் ஆடும் ஆட்டத்திலும் இந்த மனிதனுக்கு ஜெயிக்க உரிமை இல்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. அவ்வளவு கரிக்கும் அடியில் அந்தக் கண்ணும் விரலும் வேலை செய்கின்றன. கரியால் மறைக்க முடியாத ஒரு கலைஞன் அங்கே இருக்கிறான்.

இன்னொரு படம் 'ஃபிஷ்'. அதில் மீன் பிடித்து விற்கத் திரிகிற கிராமத்துப் பையனாக வருகிறார். அப்போது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஏன் பையன் வேஷம்? அமெரிக்கத் தெற்கில் கிழவனானாலும் கறுப்பனைப் 'பையா' என்றுதான் வெள்ளைக்காரன் கூப்பிடுவான். வயசை மதிக்காத வாய் எங்கே இருந்தாலும் நமக்கு அது புதுசில்லை. நாற்பது வயசு மனிதர் பையனாக ஓடுகிறபோது படம் அதை வேடிக்கை என்கிறது. நான் பார்த்தபோது அது ஆவணமாகத் தெரிந்தது.

இந்த இரண்டோடு அவருடைய சினிமா முடிந்துபோனது. 1919 ஆகஸ்டில் நியூயார்க் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். வில்லியம்ஸ் வழக்கம்போல அரங்குக்கு வந்து, வேஷம் போட்டு, மேடைக்கு வந்து பார்த்தால் ஈ காக்கை இல்லை. வேலைநிறுத்தம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. முதலாளி பக்கமும் அவர் இல்லை, சங்கத்திலும் அவரைச் சேர்க்கவில்லை. கரி பூசிய முகத்தோடு காலி அரங்கில் நிற்கிறார். வர்க்க ஒற்றுமை பேசுகிறவர்கள் இந்தக் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நகைச்சுவை நடிகர் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ், தான் பார்த்ததிலேயே அதிகம் சிரிக்க வைத்தவரும் தனக்குத் தெரிந்ததிலேயே அதிகம் துயரப்பட்டவரும் இவர்தான் என்று வில்லியம்ஸைப் பற்றிச் சொன்னது பேர்பெற்ற வாசகம். துயரத்தை அவருடைய சுபாவமாக்கி அனுதாபப்படுவது சுலபம். அந்தத் துயரத்துக்கு விலாசம் உண்டு.

1922 பிப்ரவரி 27-ஆம் தேதி டெட்ராயிட்டில், வெள்ளையர் நடித்த நாடகத்தில் ஒரே கறுப்பராக நடித்துக்கொண்டிருந்தவர் மேடையிலேயே சரிந்தார். அதையும் நடிப்பென்று நினைத்து ஜனங்கள் சிரித்தார்கள். மார்ச் 4-இல் நியூயார்க்கில் இறந்தார். வயது 47.

அந்த ஏழு சுருள்கள் என்ன ஆயின? பயோகிராஃப் மூடிப்போன பின், 1930-களின் கடைசியில், அதன் கிடங்கில் கிடந்த சுமார் 900 நெகட்டிவ்களை நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் வாங்கிக் காப்பாற்றியது. அதற்குள்ளே பெயரில்லாமல் இவையும் இருந்தன. யார் நடித்தது, என்ன கதை என்பதை ஆய்வாளர்கள் ஒவ்வொரு முகமாக அடையாளம் பிடித்துத் தேட வேண்டியிருந்தது. உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை வைத்துப் பேச்சைக் கண்டுபிடித்தார்கள். 2014-இல், எடுத்து நூறு ஆண்டு கழித்து, படம் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. அதே வருஷம் அமெரிக்க தேசியத் திரைப்படப் பட்டியலிலும் சேர்ந்தது. வெட்டி ஒட்டாத படம் என்பதால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. காட்சிக்கு முன்னும் பின்னும் நடிகர்கள் காத்திருப்பதும் தெரிகிறது. அந்தக் காத்திருப்பில் யாருக்காகவும் யாரும் நடிக்கவில்லை. எனக்குப் படத்தில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்து வைக்கிறேன். 1913 ஜூலையில், பரோடா மன்னரின் உதவித்தொகையில், இருபத்திரண்டு வயசு இளைஞர் ஒருவர் நியூயார்க்கில் வந்து இறங்கினார். பெயர் பீமராவ் அம்பேத்கர். ஹார்லெமை ஒட்டியுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1916 வரை படித்தார். அவர் அங்கே வந்து சில மாதத்தில்தான் அதே நகரத்தில் இந்தப் படம் எடுக்கப்பட்டது. இருவரும் சந்தித்தார்கள் என்று கதை கட்ட நான் வரவில்லை. ஒரே நகரம், ஒரே இலையுதிர் காலம், அவ்வளவுதான். ஆனால் 1946-இல் அதே அம்பேத்கர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐ.நா. சபைக்குக் கறுப்பர்கள் கொடுக்கும் மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டார். தீண்டப்படாதோர் நிலையும் நீக்ரோக்களின் நிலையும் ஒத்திருப்பதால் அதைப் படிப்பது இயல்பு மட்டுமில்லை, அவசியமும்கூட என்றார். டு போய்ஸும் பதில் போட்டார். அவர்கள் வரலாற்றை நாம் படிப்பதற்கான அனுமதிச் சீட்டு அந்தக் கடிதம்தான்.

வில்லியம்ஸ் கலகக்காரனா, கைக்கூலியா என்று சில தோழர்கள் கேட்கலாம். இந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொள்ளவில்லை. கரி பூசினால்தான் மேடை என்று விதி செய்தவர்களைக் கூண்டில் ஏற்றாமல், பூசிக்கொண்டவனை மட்டும் ஏற்றி விசாரிப்பது விசாரணையே அல்ல. வாக்கர் சொன்னதும் உண்மை. வில்லியம்ஸ் செய்ததும் வேலை. அந்த வேலையில் எது தன்னுடையது, எது திணிக்கப்பட்டது என்று பிரித்துப் பார்ப்பதுதான் நாம் செய்ய வேண்டியது. டியூக் எலிங்டன் 1940-இல் அவருக்காக ஒரு இசைச் சித்திரம் செய்தார். கரி பூசாத தலைமுறை, கரி பூசியவருக்குச் செலுத்திய மரியாதை அது. அவர்கள் அவரைத் தூக்கி எறியவில்லை.

பெட்டிக்குள் இருந்த படம் பிழைத்தது, யாரோ ஒருவர் வாங்கி வைத்ததால். அதற்குப் பெயர் கிடைத்தது, வேறு சிலர் உட்கார்ந்து ஒவ்வொரு முகத்தையும் கேட்டதால். நம் வீடுகளிலும் பரண்களிலும் கிடக்கிற படங்களில், பின்வரிசையில் நிற்கிறவர்களின் பெயர் தெரிந்த கிழவர்களும் கிழவிகளும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதி வையுங்கள்.